பாரிசவாதம் வந்த கையை மூளைக்கு மறுபடி பழக்குவது எப்படி: தோட்டத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவரை நம் தோட்டங்களில் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்? கட்டிலில் படுக்கவைக்கிறோம். விளங்காத கையைத் தலையணைமேல் தூக்கி வைக்கிறோம். காலையும் மாலையும் எண்ணெய் தேய்க்கிறோம். சோறு ஊட்டி, சட்டை மாட்டி, தலைவாரி எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கை திரும்பி வர வேண்டிய முக்கியமான ஒன்று இதில் கிடையாது. கையை அவரே அசைக்க முயல வேண்டும், ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல், மனதை அதில் வைத்து. மூளை மாறுவது அந்த முயற்சியால்தான்.

இங்கே பெரும்பாலும் கையைப் பற்றியே எழுதுகிறேன். காலுக்கு நடந்தே ஆக வேண்டிய கட்டாயம் இருக்கிறது. கழிவறைக்குப் போவதற்காவது ஊன்றித்தான் ஆக வேண்டும். அதனால் கால் ஓரளவு தானாகவே பயிற்சி பெறுகிறது. கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மற்றக் கை எல்லாவற்றையும் செய்துவிடும். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் குடும்பத்தைத் தாங்கிய கை, வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மூலையில் மறந்து போகிறது. அதைத் தடுக்கலாம்.

முதலில், உள்ளே என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

கையில் எந்தப் பழுதும் இல்லை. தசை, எலும்பு, நரம்பு எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. மூளையில் ஒரு இரத்தக்குழாய் அடைபட்டது, அல்லது வெடித்தது. அங்கே கைக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்த நரம்புக் கலங்கள் இறந்துபோயின. மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தையும், வலது பாதி இடது பக்கத்தையும் ஆள்வதால்தான் ஒரு பக்கம் மட்டும் விழுகிறது.

இறந்த கலம் திரும்பி வராது. ஆனால் மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு இடையிலான இணைப்புகள் வாழ்நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கின்றன. சேர்ந்து வேலை செய்யும் கலங்களுக்கு இடையிலான இணைப்பு பலப்படும் என்று கனடாவைச் சேர்ந்த டொனால்ட் ஹெப் 1949இல் எழுதினார். 1973இல் டிமதி பிளிஸ், டெர்யே லோமோ என்ற இருவர் முயலின் மூளையில் இதை அளந்தே காட்டினார்கள்: மீண்டும் மீண்டும் தூண்டிய இணைப்பு, தூண்டலை நிறுத்திய பிறகும் மணிக்கணக்காகப் பலமாக நின்றது.

ஹட்டன் வீதியில் மண்சரிவு விழுந்தால் வாகனங்கள் தோட்டத்துக்குள்ளால் போகும் சின்னப் பாதையில் திருப்பி விடப்படுகின்றன. முதல் நாள் சேறும் சகதியுமாக, ஆமை வேகத்தில் போகும். நாளுக்கு நாள் ஓடினால் தடம் விழுந்து இறுகும். யாரும் போகாவிட்டால் புல் மூடிவிடும். மூளையிலும் செத்த இடத்தைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கு நடப்பது இதுதான்.

1996இல் ரண்டொல்ஃப் நூடோவும் அவருடைய குழுவினரும் அணில் குரங்குகளின் மூளையில், கையை ஆளும் பகுதியில் சிறு பாதிப்பை ஏற்படுத்திப் பார்த்தார்கள். பயிற்சி கொடுக்காத குரங்குகளில், பாதிப்புக்குப் பக்கத்தில் நல்லபடியாக மிஞ்சியிருந்த கைப் பகுதியும் சுருங்கிப் போனது. சிறு குழிகளில் இருந்து உணவை எடுக்கத் தினமும் பழக்கப்பட்ட குரங்குகளில் அந்தப் பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் அது முழங்கையையும் தோளையும் ஆண்ட இடத்துக்குள்ளும் விரிந்தது. இந்தச் செய்தியின் முதல் பாதிதான் என்னை அதிகம் உறுத்துவது. கையைச் சும்மா வைத்திருந்தால் இருந்தது இருந்தபடி நிற்பதில்லை, மிஞ்சியதும் கைநழுவுகிறது.

மனிதரில் ஒரு உதாரணம். பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்பவர் நியூயோர்க்கில் கல்லூரி ஆசிரியர். 1959இல், 65 வயதில், பாரிசவாதம் அவரை விழுத்தியது. வழக்கமான சிகிச்சையால் பெரிய பலன் இல்லை. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் ஜோர்ஜ் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய், குழந்தைபோலத் தவழவிட்டுத் தொடங்கினார். அப்புறம் தரையில் கோலிக்குண்டைப் பிடிப்பது, பானை சட்டி கழுவுவது என்று வீட்டு வேலையையே பயிற்சியாக்கினார். பெத்ரோ மறுபடி கல்லூரியில் கற்பிக்கப் போனார். 72 வயதில் கொலம்பியாவில் ஒரு மலை ஏறும்போது மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில், மூளைத்தண்டில் பாரிசவாதம் செய்த பெரும் சேதம் ஆறாமல் அப்படியே இருந்தது தெரிந்தது. அந்தச் சேதத்தோடுதான் அவர் நடந்திருக்கிறார், எழுதியிருக்கிறார். இன்னொரு மகனான போல் இதைக் கண்டபிறகு, மூளை மாறும் திறனை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

எல்லோருக்கும் இப்படி நடந்துவிடாது. சேதத்தின் அளவும் இடமும் ஆளுக்கு ஆள் வேறு. இருந்தாலும் முயலாமல் விடுவதற்கு அது காரணமாகாது.

அடுத்து, உயிருக்கு ஆபத்து இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்

பயிற்சி என்பது ஆபத்து கடந்த பிறகுதான். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 1990ஐ அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரச்சொல்லுங்கள். அது இலவசம். கடைசியாக அவர் எத்தனை மணிக்கு நல்லபடியாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், டொக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, ஸ்கேன் செய்து இரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகு, பாரிசவாதம் தொடங்கியதில் இருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன. மலை உச்சி டிவிஷனில் இருந்து வீதிக்கு இறங்கவே நேரம் போகும் என்பதால் "கொஞ்சம் படுத்து எழும்பட்டும், பார்ப்போம்" என்ற பேச்சே வேண்டாம். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றவும் வேண்டாம், புரை ஏறும்.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே எழுப்பி நடக்கவிடச் சொல்லி அவசரப்படாதீர்கள். 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பிப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களுக்கு, மூன்று மாதம் கழித்து நிலைமை சற்று மோசமாகவே இருந்தது. எப்போது தொடங்குவது என்று வார்ட்டில் சொல்வார்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் இயன்மருத்துவரை, அதாவது பிசியோவை, பார்க்காமல் வரவே வராதீர்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, டிக்கோயா கிளங்கன் என்று எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் இதைக் கேட்டே ஆக வேண்டும். தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா? மணிக்கட்டை அவரால் கொஞ்சமாவது நிமிர்த்த முடிகிறதா? தோலில் சூடு, குளிர், தொடுகை தெரிகிறதா? தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா? எந்த அசைவை எப்படிச் செய்வது என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லி, போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே பாதி மறந்துவிடும்.

பிரஷர் குளிசையைப் பற்றி ஒரே வரி: கைக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், குளிசையை நிறுத்தினால் அடுத்த பாரிசவாதம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

நிறுத்த வேண்டியவற்றை நிறுத்துங்கள்

விளங்காத கையைப் பிடித்து இழுத்து யாரையும் எழுப்பக்கூடாது. தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதாக இறங்கிவிடும். அப்புறம் வரும் தோள் வலி மாதக்கணக்கில் நிற்கும், வலிக்கு பயந்தே அவர் கையை அசைக்க மாட்டார். இடுப்பிலோ முதுகுக்குப் பின்னாலோ கைகொடுத்து எழுப்புங்கள். கூரையில் கயிறும் கப்பியும் கட்டி, நல்ல கையால் மற்றக் கையை மேலே இழுக்கும் பழக்கமும் தோளைக் கெடுக்கும்.

றப்பர் பந்தை அமுக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கை மூடுவதில் பிரச்சினை இல்லை, விரல்கள் தாமாகவே இறுகிக் கிடக்கும். திறப்பதுதான் வராது. பந்தை அமுக்க அமுக்க அந்த இறுக்கத்தையே பழக்குகிறோம். பிசியோ பார்த்து உங்களுக்கென்று சொன்னாலன்றி பந்து வேண்டாம்.

எண்ணெய் தேய்ப்பதைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். உடம்புக்கு இதமாக இருக்கும், பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதும் ஆறுதல். ஆனால் இன்னொருவர் அசைக்கும் கையைப் பார்த்து மூளை பெரிதாக ஒன்றும் கற்பதில்லை. எண்ணெய்க்கு அரை மணி நேரம் என்றால் அவரே செய்யும் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறா இரத்தம் பூசுவதற்கும், அதற்காக ஊர் ஊராக வேன் பிடித்துப் போவதற்கும் செலவாகும் காசை கிளினிக்குக்குப் போய்வரும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை, நாமே செய்து கொடுப்பது. அமெரிக்காவின் எட்வர்ட் டோப் குரங்குகளில் கண்ட ஒரு விஷயம் இங்கே முக்கியம். ஒரு கையின் உணர்வு நரம்புகளை அறுத்துவிட்டால், அசைக்கும் நரம்பு நன்றாக இருந்தாலும் குரங்கு அந்தக் கையைப் பாவிப்பதில்லை. ஆரம்ப நாட்களில் முயன்று தோற்றுத் தோற்று, அந்தக் கையால் முடியாது என்று அது பழகிக்கொள்கிறது. பின்னாளில் முடியக்கூடிய நிலை வந்தாலும் முயல்வதில்லை. நல்ல கையைக் கட்டிவைத்தபோது, அதே குரங்கு மற்றக் கையைப் பாவிக்கத் தொடங்கியது. நம் வீட்டில் "நீங்க சும்மா இருங்க அம்மாயி, நான் எடுத்துத் தாறேன்" என்று பேத்தி ஓடிவரும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பழக்கம்தான் இறுகுகிறது. பேத்தி வேறு மாதிரிச் சொல்லலாம்: "அம்மாயி, அந்தக் கையால ஒருக்கா முயற்சி பண்ணுங்க, நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

கை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, மேசைமேல் கையை வையுங்கள். முதுகுக்குச் சாய்மானம் இருக்கட்டும். தோளைக் கொஞ்சம் முன்னே நகர்த்தச் சொல்லுங்கள். முழங்கையை நீட்டி மேசைமேல் ஒரு துணியைத் தள்ளச் சொல்லுங்கள். உள்ளங்கை கீழே பார்க்க, மேசை விளிம்பில் கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லுங்கள். கடைசியாக, விரலைத் திறக்கச் சொல்லுங்கள். எதில் ஒரு நூல் அளவு அசைவு தெரிந்தாலும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள்.

மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிர்கிறதென்றால் அடுத்து வரும் வேலைப் பயிற்சி முழுதும் உங்களுக்கு. தோளும் முழங்கையும் மட்டும் அசைகிறதென்றால் தள்ளும், இழுக்கும் வேலைகளில் தொடங்குங்கள். ஒன்றுமே அசையாவிட்டால் கண்ணாடிப் பயிற்சியில் இருந்து தொடங்குங்கள், அதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

அவருடைய வாழ்க்கையில் இருந்தே வேலையைத் தேர்ந்தெடுங்கள்

சும்மா கையைத் தூக்கி இறக்குவதைவிட, ஒரு பொருளை எடுப்பதற்காகக் கை நீளும்போது மூளை அதிகம் ஈடுபடுகிறது. வேலைக்கு ஒரு நோக்கம் வேண்டும், அது அவருக்கு வேண்டிய நோக்கமாக இருக்க வேண்டும். எதைப் பழகுகிறோமோ அதுவே பலப்படுகிறது. கரண்டி பிடிக்க வேண்டுமென்றால் கரண்டியைத்தான் பிடிக்க வேண்டும். ஆகவே முதல் கேள்வி அவரிடம்: "உங்களுக்கு எந்த வேலைய முதல்ல செய்ய ஆசை?" பெண்கள் பலர் ரொட்டி தட்டுவது என்பார்கள். சாமிக்குக் கற்பூரம் காட்ட வேண்டும் என்பவரும் உண்டு. எந்தப் பதில் வந்தாலும் அதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்.

ரொட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் வெறும் மேசைமேல் ஈரத்துணியை முன்னும் பின்னும் தள்ளுவது. மாவு பிசையும்போது தோளும் முழங்கையும் செய்யும் அசைவு இதுவே. அது வசப்பட்ட பிறகு துணியின் இடத்தில் பிசைந்த கோதுமை மா உருண்டை, உள்ளங்கையால் அமுக்கி உருட்டுவது. அப்புறம் உருண்டையை வாழையிலையிலோ பொலித்தீன் தாளிலோ வைத்து விரல்களால் தட்டிப் பரப்புவது. விரல் விரியும் அசைவு அங்கேதான் வருகிறது, அதனால் அந்த இடத்தில் அதிக நாள் நில்லுங்கள். கடைசியாக, தட்டிய ரொட்டியை எடுத்துத் தட்டுக்கு மாற்றுவது. சுடுகல்லில் போடும் வேலை இன்னொருவருடையதாகவே இருக்கட்டும்.

கொழுந்து பறித்தவருக்கு அந்தப் பழைய அசைவு மூளைக்குள் ஆழமாகப் பதிந்திருக்கும். பல வருஷம் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் செய்த அசைவு அது. லயத்துப் பக்கத்தில் உள்ள செடியில் இருந்து இரண்டு இலையும் மொட்டுமாக நாலைந்து கிளைகளை ஒடித்துவந்து, ஒரு தகரத்தில் மண் நிரப்பி நட்டு மேசைமேல் வையுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளிப் பறித்து, பக்கத்தில் உள்ள கிண்ணத்தில் போட வேண்டும். கிண்ணம் முதலில் கைக்குப் பக்கத்தில், பிறகு தள்ளி, பிறகு கொஞ்சம் உயரத்தில். கிள்ள முடியாவிட்டால் பறித்த இலையை மேசையில் இருந்து பொறுக்கிப் போடுவதில் தொடங்கலாம்.

வேறு வேலைகளும் ஏராளம். படங்கை நாலாக மடிப்பது, பருப்பில் கல் பொறுக்குவது, வெங்காயத்தோல் உரிப்பது, போத்தல் மூடியைத் திருகுவது, சட்டைப் பொத்தான், கதவுக் கொண்டி, போன் திரையில் விரலால் தள்ளுவது, தப்பு அடித்தவர் என்றால் தப்பில் ஒரே தாளத்தை மெதுவாகத் தட்டுவது. ஒரு நேரத்தில் இரண்டு மூன்று வேலை போதும்.

தோலில் உணர்வு குறைந்த கைக்கு சூடு தெரியாது. குளிர் காலத்தில் அடுப்பங்கரையில் கை நீட்டிச் சூடு காய்வதிலும், சுடுதண்ணிப் போத்தலைப் போர்வைக்குள் வைப்பதிலும் தோல் வெந்துபோகலாம், அவருக்கே தெரியாமல். பயிற்சிக்குப் பிளேன்டி கோப்பையைக் கொடுக்காதீர்கள், பச்சைத் தண்ணீர் பாதியளவு நிரப்பிய பிளாஸ்டிக் கோப்பை நல்லது.

எண்ணுங்கள்

பெரும்பாலான வீடுகளில் பயிற்சி தோற்பது இங்கேதான். பத்துத் தரம் செய்துவிட்டு "இன்னைக்குப் போதும்" என்று நிறுத்துகிறோம். அமெரிக்காவைச் சேர்ந்த கதரின் லாங் என்பவரின் குழு சிகிச்சை நிலையங்களில் நேரே பார்த்து எண்ணியது, 2009இல் வெளிவந்தது. கைக்கான ஒரு சிகிச்சை வேளையில் வேலையோடு சேர்ந்த அசைவு சராசரி 32 தடவைதான் நடந்தது. விலங்குகளில் மூளை மாறியதைக் காட்டிய ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கு நானூறு, அறுநூறு தடவை. வசதி உள்ள நாட்டிலேயே நிலைமை அது என்றால், மாதம் ஒரு கிளினிக் மட்டும் கிடைக்கும் நம்மவர்களுக்கு வீட்டுப் பயிற்சியை விட்டால் வழி இல்லை.

ஒரு நாளைக்கு நூறில் தொடங்குங்கள். காலையில் பெரட்டுக்குப் போவதற்கு முன் முப்பது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது முப்பது, பிள்ளைகள் பாடசாலையால் வந்த பிறகு நாற்பது. உடம்பு தாங்கத் தாங்க வாரா வாரம் கூட்டி முந்நூறுக்குக் கொண்டுபோகப் பாருங்கள். கஷ்டமான கணக்கை யாரும் மனதில் வைத்திருக்க வேண்டாம்: ஒரு கிண்ணத்தில் முப்பது கடலை, ஒரு தடவை செய்தால் ஒரு கடலை மற்றக் கிண்ணத்துக்கு. கடலையைப் பொறுக்கி வைப்பதே சிலருக்கு நல்ல பயிற்சி.

வீட்டில் எல்லோரும் மலைக்குப் போன பிறகு அவர் தனியாக இருக்கும் மணித்தியாலங்கள்தான் நீளமானவை. போகும்போது ஒரு தட்டில் அன்றைய பொருள்களை, மடிக்க வேண்டிய துணி, பொறுக்க வேண்டிய பருப்பு, திருக வேண்டிய மூடி என்று வைத்து, விளங்காத கை எட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். நல்ல கைப் பக்கம் வைத்தால் நல்ல கையே வேலையை முடித்துவிடும்.

வேலை இலேசாகிவிட்டால் அதே அளவில் நிற்க வேண்டாம். பத்தில் ஏழெட்டுத் தடவை சரியாக வருகிறதென்றால் கொஞ்சம் கஷ்டமாக்குங்கள்: தூரத்தைக் கூட்டுங்கள், பொருளைச் சிறிதாக்குங்கள், வேகத்தைக் கூட்டுங்கள். பத்தில் மூன்றுகூட வராவிட்டால் இறக்குங்கள், தொடர்ந்து தோற்றால் மனம் விட்டுப்போகும். வலி வந்தால், அதுவும் தோளில் வந்தால், அந்த அசைவை நிறுத்திவிட்டு பிசியோவிடம் கேளுங்கள். களைப்பு வேறு, வலி வேறு.

அசைவு எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். கை நீளாதபோது முழு உடம்பையும் முன்னே சாய்த்து எட்டுவது, தோளைக் காதுவரை தூக்குவது என்று உடம்பு குறுக்கு வழி தேடும். அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மூளை அதையே கற்றுக்கொள்ளும். முதுகு சாய்மானத்தை விட்டு வராமல் செய்யச் சொல்லுங்கள்.

நல்ல கைக்கு ஓய்வு கொடுங்கள்

டோப் குரங்குகளில் கண்டதை மனிதருக்குக் கொண்டுவந்து உருவாக்கிய சிகிச்சையை, 2006இல் வெளிவந்த ஒரு பெரிய பரிசோதனை 222 பேரிடம் பார்த்தது. பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமானவர்கள். நல்ல கைக்குத் தடித்த கையுறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 வீதம் அதோடு இருக்கச் சொல்லி, இரண்டு வாரம், வாரநாட்களில் ஆறு மணி நேரம்வரை மற்றக் கைக்குப் பயிற்சி. கையின் முன்னேற்றம் ஒரு வருஷம் கழித்தும் நின்றது. மணிக்கட்டும் விரலும் ஓரளவாவது நிமிரும் ஆட்களுக்குத்தான் இந்த முறை.

வீட்டில் அத்தனை மணி நேரம் முடியாது, தேவையும் இல்லை. பிசியோ சரி என்றால், நல்ல கைக்குக் குளிருக்குப் போடும் கம்பளிக் காலுறையை மாட்டி, தினம் இரண்டு மணி நேரம், உட்கார்ந்து பயிற்சி செய்யும் வேளையில் மட்டும் செய்யலாம். கையைக் கட்டிப்போட வேண்டாம், விழப்பார்த்தால் ஊன்றிக்கொள்ள அது வேண்டும். லயத்துப் படிகளில், மழை பெய்த வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில், காலுறை கழற்றியே இருக்க வேண்டும். (படியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். பிடிக்க ஒரு மூங்கிலாவது கட்டிக்கொடுங்கள்.)

அசையாத கைக்குக் கண்ணாடி

தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியைப் போக்க ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பாவித்தவர். 1999இல் அவரும் பங்குபெற்ற ஒரு சிறு ஆய்வு அதே கண்ணாடியைப் பாரிசவாதக் கைக்கு வைத்துப் பார்த்தது. அதன் பிறகு பல ஆய்வுகள் நடந்து, வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கை அசைவுக்கு உதவுகிறது என்று தெரிந்திருக்கிறது.

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும், முழங்கை முதல் விரல்வரை தெரியும் அளவு. விளிம்பில் துணி ஒட்டி, மேசையின் நடுவில், நெஞ்சுக்கு நேராக நிறுத்துங்கள். பளபளக்கும் பக்கம் நல்ல கையைப் பார்க்க வேண்டும். விளங்காத கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். இப்போது கண்ணாடிக்குள் பார்த்தால் விளங்காத கை இருக்கும் இடத்தில் ஒரு நல்ல கை தெரியும். நல்ல கையை மெதுவாகத் திறந்து மூடி, மணிக்கட்டைத் தூக்கி இறக்கி, விரலை ஒவ்வொன்றாக மேசையில் தட்டிக்கொண்டே, பின்னால் உள்ள கையும் அதையே செய்ய முயல வேண்டும். அசையாவிட்டாலும் முயற்சி நிற்கக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம், தினம் இரண்டு வேளை. தலைசுற்றினால் நிறுத்துங்கள். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வராத நேரமாகப் பாருங்கள், கவனம் சிதறினால் பயன் குறையும்.

கண்ணை மூடிக்கொண்டு, கை கோப்பையைப் பிடித்துத் தூக்குவதைத் தெளிவாக மனதில் ஓட்டிப் பார்ப்பதும் வீண் வேலை இல்லை. 1995இல் அல்வரோ பஸ்குவால்-லியோனும் குழுவினரும், பியானோ விரல் பயிற்சியை ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் சிலரைச் செய்யவைத்தார்கள். வேறு சிலரை மனதில் மட்டும் நினைக்கவைத்தார்கள். இரு குழுவிலும் விரல்களை ஆளும் மூளைப் பகுதி விரிந்தது. கையால் வாசித்தவர்களே நன்றாக வாசித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தூக்கம், மனம், பேச்சு

பகலில் பழகியதை மூளை தூக்கத்தில் உறுதிப்படுத்துகிறது. இரவு ஒன்பது பத்து மணிக்கு ஒரே காம்பராவில் டிவி அலறிக்கொண்டிருந்தால் அவருடைய பயிற்சியில் ஒரு பங்கு வீணாகிறது.

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வது, சாப்பாடு வேண்டாம் என்பது, சின்ன விஷயத்துக்கும் அழுவது. இதைப் பிடிவாதம் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். மனம் விழுந்தால் பயிற்சியும் விழும். கிளினிக்கில் டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருந்து உண்டு. பெரட்டுக்களத்தில் கூட வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாலே முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

வலது பக்கம் விழுந்தவர்கள் பலருக்குப் பேச்சும் போய்விடும். ஆனால் ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர், மாரியம்மன் தாலாட்டைத் தொடங்கிக் கொடுத்தால் கூடவே பாடுவதுண்டு. பாட்டுக்கு மூளையின் மற்றப் பாதியும் துணை நிற்கிறது. 1970களில் இருந்தே இதை வைத்து ஒரு பேச்சுச் சிகிச்சை முறை இருக்கிறது: "தண்ணி வேணும்" போன்ற சின்ன வசனத்தை ராகம் போட்டு, இடது கையால் தாளம் தட்டிச் சேர்ந்து பாடி, பிறகு மெல்ல மெல்ல ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குவது. பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்கக் கிடைத்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மாதங்களும் வருஷங்களும்

முதல் மூன்று மாதம் பொன்னான காலம். 2021இல் வெளிவந்த ஒரு ஆய்வு, வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு காலத்தில் கொடுத்துப் பார்த்தது. பாரிசவாதம் வந்து இரண்டு மூன்று மாதத்தில் கொடுத்தபோதுதான் பலன் அதிகம். ஆகவே "கொஞ்சம் தேறட்டும், தைப்பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம்" என்று தள்ளாதீர்கள்.

அதற்காக, காலம் கடந்தவர்கள் கையை விட்டுவிட வேண்டியதில்லை. டோப்பின் முறையால் முன்னேறியவர்களில் பாரிசவாதம் வந்து பல வருஷமானவர்களும் இருந்தார்கள். பழைய கையோடு மறுபடி தொடங்குவதென்றால், முதலில் கிளினிக்கில் பிரஷரையும் தோளையும் பார்த்துக்கொள்ளுங்கள். விரல்கள் மடங்கி இறுகியிருந்தால், தினமும் குளித்த பிறகு, மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்து மெல்ல நீட்டிக்கொடுங்கள், அதட்டி நிமிர்த்தக்கூடாது. அப்புறம் மேசைமேல் ஈரத்துணியோடு தொடங்குங்கள். முதல் வாரம் ஒரே ஒரு வேலை, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. திகதியையும் எண்ணிக்கையையும் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே மேசை, அதே நாற்காலியில் வைத்து, கை எவ்வளவு தூரம் துணியைத் தள்ளுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அந்தக் கொப்பியையும் கொண்டுபோய் பிசியோவிடம் காட்டி, அடுத்த வேலை எது என்று கேளுங்கள்.